மூன்றாவது பாட்டில் வந்த ரயில்

ஒருவர் நம்மைப் பற்றித் தவறாக, ஆனால் நல்லவிதமாக நினைத்துக்கொண்டிருந்தால், அதைத் திருத்த வேண்டியது நம் கடமையா? எட்டு வருடங்களாக யோசிக்கிறேன். பதில் தெரியவில்லை. போன வாரம் என் மகளும் இதையே கேட்டுவிட்டாள்.

அவள் யு.கே.ஜி. படிக்கிறாள். பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்குத் தன் டிபனை முழுதாகக் கொடுத்துவிட்டாள் என்று பாராட்டி, மிஸ் அவள் புறங்கையில் ஒரு நட்சத்திரம் ஒட்டி அனுப்பியிருந்தார். வீட்டுக்கு வந்தவள் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "அம்மா, அது நீ செஞ்ச உப்புமா. எனக்குப் பிடிக்கலைன்னுதான் குடுத்தேன். மிஸ்கிட்ட சொல்லணுமா?" என்றாள்.

பொறுப்புள்ள ஒரு தாய் அந்த இடத்தில் தெளிவாக ஏதாவது சொல்லியிருப்பாள். நான் "முதல்ல கை கழுவு" என்றேன். கழுவினால் நட்சத்திரம் போய்விடும் என்று அவள் கழுவவில்லை.

இதுவே மாடி வீட்டு அக்காவிடம் கேட்கப்பட்டிருந்தால், கேள்வி முடிவதற்குள் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மிஸ் வீட்டுக்கே கிளம்பியிருப்பாள்.

அக்காவும் அவள் அம்மாவும் தாம்பரம் சானடோரியத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார்கள். தண்டவாளத்தை ஒட்டிய தெரு. அக்கா கிண்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. தினமும் காலை எட்டேகால் வண்டியில் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு போவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ் கிடார் வாசிப்பாள். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. எனக்குப் பத்தொன்பது, கல்லூரியில் இரண்டாம் வருடம்.

பாராட்டு என்பது அக்காவுக்கு, பக்கத்து வீட்டு விலாசத்துக்கு வந்து நம் வீட்டில் விழுந்துவிட்ட தபால் மாதிரி. உடனே உரியவரிடம் சேர்த்துவிட வேண்டும். என் அம்மா ஒருமுறை அவள் கொண்டுவந்த ரசத்தைப் புகழ்ந்தாள். "நான் வைக்கலை ஆன்ட்டி, எங்கம்மா வெச்சாங்க. அவங்களும் ரசப்பொடி கடையில வாங்கினாங்க" என்றாள் அக்கா. பிறகு கடை எது என்றும் சொன்னாள். புடவை நன்றாக இருக்கிறது என்றால், முந்தானையை விரித்து இஸ்திரி பொசுக்கிய இடத்தைக் காட்டுவாள். நீ வாசிப்பது அருமை என்று சொன்னவர்களுக்கு, "மூணு நோட்டுதான் சுத்திச் சுத்தி வாசிக்கிறேன். நாலாவது வராது" என்று பதில் வரும்.

பெண் பார்க்க வந்த கதைதான் எங்கள் தெருவில் பிரபலம். பையனின் அம்மா பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே, இந்தக் காலத்தில் இவ்வளவு நீளப் பின்னலா என்று வியந்திருக்கிறார். "பாதி சவுரி ஆன்ட்டி" என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அதோடு விட்டிருக்கலாம். எந்த இடத்திலிருந்து சவுரி தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்டியிருக்கிறாள். அக்காவின் அம்மா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அந்த ஒரு வாரமும் ரசம் எங்கள் வீட்டிலிருந்துதான் போனது. ஒருமுறைகூட நன்றாக இருக்கிறது என்று அக்கா சொல்லவில்லை. பிறரைப் புகழ்வதிலும் அவள் அப்படித்தான். நூறு சதவீதம் நிச்சயமாகத் தெரியாமல் வாய் திறக்கமாட்டாள்.

அவளுடைய இசைக்குழுவில் மொத்தம் மூன்று பேர். காட்டாங்குளத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் கிடார் வாசித்துக்கொண்டே பாடுவான். பம்மலில் லேத் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர் டிரம்ஸ். அவரை நான் அண்ணா என்பேன். அவர் அக்காவை, தன்னைவிட இரண்டு வயது சின்னவள் என்று தெரிந்தும், யக்கா என்பார். டிரம்ஸ் அவருடையது அல்ல. அவருடைய சர்ச்சிலிருந்து ஞாயிறு மதியம் மீன்பாடி வண்டியில் ஏற்றிவந்து, மாலை ஆறு மணி ஆராதனைக்கு முன் திருப்பிக் கொண்டுபோய் வைக்க வேண்டும். சொந்தமாக ஒரு செட் வாங்குவதுதான் அவருடைய ஒரே லட்சியம். வைக்க இடம் வேண்டும் என்று பட்டறையில் ஒரு மூலையைக்கூட முதலாளியிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தார்.

கோடையில் எங்கள் கிணறு வற்றும்போது, அப்பா மாடிப்படியருகே ஒரு சிலேட்டில் 'இன்று தண்ணீர் வராது' என்று எழுதி மாட்டுவார். அக்கா அதைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டு எழுதினாள். ஆங்கிலப் பாட்டுதான். பிறகு லாரிக்குக் காத்திருப்பது பற்றி ஒன்று, வோல்டேஜ் இல்லாமல் மூக்கால் அழும் ஃபேன் பற்றி ஒன்று, ரயில்வே கேட் மூடிய நேரத்தில் அவசரமாகப் போக வேண்டியவன் பற்றி ஒன்று என்று ஆறு பாட்டுகள் சேர்ந்தன. அதுதான் அவர்களுடைய முதல் ஆல்பம். பெயர் 'நோ வாட்டர் டுடே'. தலைப்பு நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னேன். "உங்கப்பா எழுதினது" என்றாள்.

ஸ்டுடியோ என்பது அக்காவின் உள்ளறை. பாடகப் பையனின் உறவினர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்திருந்த நாலு டிராக் ரிக்கார்டர் மூன்று ஞாயிறுகளுக்கு இரவலாகக் கிடைத்தது. சுவரெல்லாம் முட்டை அட்டை. ஜன்னலில் எங்கள் வீட்டு மெத்தைகள். மெத்தை கொடுத்தது நல்லதுதானா, அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நான் மூன்று வாரம் தூங்கவில்லை. மெத்தை இல்லாததும் ஒரு காரணம். சத்தம் வரும் என்று ஃபேனை நிறுத்தி, மே மாதத்தில், கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தார்கள்.

எதைக் கட்டி மறைத்தாலும் ரயிலை மறைக்க முடியாது. அதனால் அக்கா ஸ்டேஷனில் இருந்த அட்டவணையைப் பார்த்து, எந்த வண்டி எப்போது கடக்கும் என்று ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிவந்து கதவில் ஒட்டினாள். இரண்டு வண்டிகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் ஒரு பாட்டு. ஆனால் அட்டவணைப்படி ஒரு வண்டியும் வரவில்லை. அமைதியாக இருக்க வேண்டிய நேரத்தில் தடதடவென்று வரும். வர வேண்டிய நேரத்தில் எல்லோரும் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள், வராது. டிரம்ஸ் அண்ணா ரயில்வேயைத் திட்டித் தீர்த்தார். ரயில்தான் தப்பு செய்கிறது என்று மூவரும் உறுதியாக நம்பினார்கள்.

கடைசி ஞாயிறு மூன்றாவது பாட்டு மட்டும் பாக்கி. மெதுவான பாட்டு. காலிக் குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண், இன்றைக்கும் இல்லையாம் என்று கேள்விப்படுகிறாள். அங்கே நாலு எண்ணிக்கைக்கு எல்லோரும் வாசிப்பதை நிறுத்த வேண்டும். நிறுத்தினார்கள். சரியாக அந்த நாலு எண்ணிக்கைக்குள் வெளியே ஒரு ரயில் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மணி ஐந்தரை. டிரம்ஸ் சர்ச்சுக்குப் போக வேண்டும், ரிக்கார்டர் மறுநாள் உடையவருக்குப் போக வேண்டும், பையனுக்குத் தொண்டை போய்விட்டது. அப்படியே விட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை ஸ்டேஷனில் அக்கா பார்த்திருக்கிறாள். அட்டவணையில் இரண்டு பத்திகள். அவள் எழுதிவந்தது வார நாட்களின் பத்தி. ஞாயிறுக்குப் பக்கத்திலேயே தனிப் பத்தி இருந்தது. மாலை வந்ததும் என்னிடம்தான் முதலில் சொன்னாள். மற்ற இருவரிடமும் தனித்தனியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். டிரம்ஸ் அண்ணா ரயில்வேயிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டாராம்.

தாம்பரத்தில் ஒரு ரிக்கார்டிங் சென்டரில் நூறு கேசட் போட்டார்கள். அட்டை ஜெராக்ஸ். விமர்சனங்கள் வரத் தொடங்கின. என் அப்பா முழுதாகக் கேட்டுவிட்டு, ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் மோட்டார் சத்தத்துக்கு இது பரவாயில்லை என்றார். பட்டறை முதலாளி, பாடுகிற பையனுக்கு உடம்பு சரியில்லையா என்று அக்கறையோடு விசாரித்தார். கல்லூரி இதழில் நான் எழுதினேன். ஒரு பக்கம் இப்படி, மறுபக்கம் அப்படி என்று எழுதி, இரண்டு பக்கமும் எனக்கே சந்தேகமாக, கடைசியில் 'மொத்தத்தில் நல்ல முயற்சி' என்று முடித்தேன். அக்கா படித்துவிட்டு, "உனக்குப் பிடிச்சுதா, பிடிக்கலையா? அதை மட்டும் காணோம்" என்றாள்.

பிறகுதான் அந்த விமர்சனம் வந்தது. ஓர் ஆங்கில நாளிதழின் சனிக்கிழமை இணைப்பில், அரைப் பத்தி. பாடகரின் குரல் ஜலதோஷம் பிடித்தது என்றும், டிரம்ஸ் யாரோ வீடு காலி செய்வதுபோல் இருக்கிறது என்றும் விமர்சகர் எழுதியிருந்தார். ஆனால் மூன்றாவது பாட்டில், மௌனத்தின் நடுவே ஒரு ரயிலின் ஓலத்தை வைத்த துணிச்சலைப் பற்றி மட்டும் பதினோரு வரி. அந்த ஹாரனின் சுருதி பேஸ் கிடாரின் சுருதியோடு இணைவது, நீண்ட நாள் யோசித்த ஒரு மனத்தின் வேலை என்று முடித்திருந்தார்.

"என் கிடார்தான் சூட்டுல சுருதி இறங்கிப் போய் ரயிலோட ஒட்டிக்கிச்சு" என்றாள் அக்கா. முகம் வாடிவிட்டது. அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. திட்டியிருந்தால் சந்தோஷமாக இருந்திருப்பாள்.

அடுத்த புதன்கிழமை எங்கள் வீட்டு ஃபோனுக்கு ஓர் அழைப்பு வந்தது. மாடிக்கு ஃபோன் கிடையாது. எங்கள் எண்ணைத்தான் கேசட் அட்டையில் போட்டிருந்தார்கள். நகரத்தில் ஒரு கேசட் கம்பெனிக்காரர். விமர்சனம் படித்தாராம், அந்த ரயில் பாட்டை முதலில் வைத்து ஆல்பத்தை வெளியிடத் தயாராம், மூவரும் வந்து கையெழுத்துப் போட்டால் போதுமாம். நான் படியேறி ஓடினேன். டிரம்ஸ் அண்ணா அன்று மாலையே பம்மலிலிருந்து வந்துவிட்டார். சந்தோஷத்தில் அழுதார் என்றே சொல்ல வேண்டும். பட்டறை மூலையில் இருந்த இரும்புத் துண்டுகளைச் சேதி கிடைத்ததுமே ஒதுக்கிவிட்டிருந்தார்.

அக்கா மட்டும் அசையவில்லை. "நான் டைம்டேபிளைத் தப்பாப் பாத்தேன். அதுக்குப் பேரு துணிச்சல் இல்ல, அஜாக்கிரதை."

"யக்கா, இன்னா நீ," என்றார் அண்ணா. "ஊரே நல்லாகீதுன்னு சொல்லுது. ஒரு வாட்டி, ஒரே வாட்டி, வாய மூடிகினு இரேன். கொறஞ்சா பூடுவ?"

அக்கா சனிக்கிழமை ஸ்டேஷன் பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஒரு மணி நேரம் மெஷின் வாடகைக்கு எடுத்து, பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கடிதம் அடித்தாள். ஆபீஸ் மெஷினில் சொந்தக் கடிதம் அடிக்கமாட்டாள். காகிதமும் அவளே வாங்கியது. மூன்றாவது பாட்டில் கேட்பது ஞாயிறு மாலை பீச்சுக்குப் போகும் மின்சார வண்டி, அதற்கான பாராட்டு அதை ஓட்டிய மோட்டார்மேனுக்கு உரியது, அவர் பெயர் எனக்குத் தெரியாததற்கு வருந்துகிறேன் என்பது சாரம். ஒட்டிய உறையை என்னிடம் கொடுத்தாள். நான் தாம்பரத்தில் இறங்கிக் கல்லூரிக்குப் போகும் வழியில் பெரிய தபாலாபீஸ். அங்கே போட்டால் சீக்கிரம் போய்ச் சேரும்.

நான் திங்கட்கிழமை காலை அந்தச் சிவப்புப் பெட்டியின் முன்னால் நின்றேன். உறையின் முனையை உள்ளே விட்டேன். டிரம்ஸ் அண்ணாவின் முகம் ஞாபகம் வந்தது. வெளியே எடுத்துவிட்டேன். நாளைக்குப் போடலாம் என்றுதான் நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை, புதன்கிழமை என்று கடிதம் என் பொருளாதாரப் புத்தகத்துக்குள்ளேயே கல்லூரிக்கு வந்து போனது.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அக்கா பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தேடினாள். கடிதம் இல்லை. அவளுக்கு ஆசிரியர்மேல் கோபம் வரவில்லை. "சரியா எழுதலை, அதான் போடலை. ரொம்ப நீளம்" என்றாள். மறுபடி இன்ஸ்டிடியூட்டுக்குப் போய், பாதியாகக் குறைத்து இன்னொன்று அடித்துக் கொண்டுவந்தாள். அதுவும் என் கைக்கு வந்தது. முதலாவதைப் போடாமல் இரண்டாவதை மட்டும் போடுவது சரியா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. அதுவும் புத்தகத்துக்குள் போனது.

நான் அந்த ஒப்பந்தத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நம்பினேன். ஒரு மாதம் கழித்து, வாசலில் டிரம்ஸ் அண்ணாவைப் பார்த்தபோது, எப்போது கையெழுத்து என்று கேட்டேன்.

"எங்க போட்ச்சி?" என்றார். "பேப்பர்ல லெட்டர் வரட்டும், அதைப் படிச்ச அப்பறமும் அந்தாளுக்கு வோணும்னா கையெழுத்து போட்றேன்னு சொல்லிகினு கீது யக்கா. அந்த எடிட்டர் இன்னாத்துக்குத்தான் இப்டி பேஜார் பண்றானோ."

வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று நினைத்து அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்று மாலையே இரண்டையும் போட்டுவிடலாம் என்று எடுத்தேன். உள்ளே அடித்திருக்கும் தேதி ஞாபகம் வந்தது. ஒரு மாதப் பழசு. இவ்வளவு நாள் எங்கே இருந்தது என்று தபால் முத்திரையே கேட்கும். நல்லவேளையாக, அல்லது கெட்டவேளையாக, மறுநாள் அக்காவே மூன்றாவது கடிதத்தோடு வந்தாள். புதுத் தேதி, ஆறே வரி. இதைக் கட்டாயம் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அப்போது அவள், சரியாக இருக்கிறதா பார் என்று கார்பன் நகலைக் காட்டினாள். முதல் வரி: 'இது நான் உங்களுக்கு எழுதும் மூன்றாவது கடிதம். முந்தைய இரண்டும் சரியாக எழுதப்படாததால் நீங்கள் பிரசுரிக்கவில்லை என்று புரிந்துகொள்கிறேன்.'

இதை எப்படிப் போடுவது? எந்த இரண்டு கடிதம் என்று ஆசிரியர் கேட்டால்? அந்த முதல் வரி வேண்டாமே அக்கா என்று கெஞ்சிப் பார்த்தேன். நடந்ததைத்தானே எழுதியிருக்கிறேன் என்றாள்.

மூன்று மாதம் காத்திருந்துவிட்டு, கேசட் கம்பெனிக்காரர் வேறொரு குழுவைப் பிடித்துக்கொண்டார். அதைச் சொல்லத்தான் அவர் கடைசியாக எங்கள் வீட்டுக்கு ஃபோன் செய்தார். பையன் படிப்பு முடிந்து வடக்கே வேலைக்குப் போனான். டிரம்ஸ் அண்ணா பட்டறை மூலையில் மறுபடியும் இரும்புத் துண்டுகளை அடுக்கினார். அக்காவின் கம்பெனி ஓசூருக்கு மாறியது. அவளும் அம்மாவும் வீட்டைக் காலி செய்தார்கள்.

லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கிட்ட மூணு லெட்டர் குடுத்தேன். மூணையும் ஒரு கேள்வி கேக்காம கொண்டுபோய்ப் போட்டே. எங்க ஆபீஸ்ல இப்படி ஒரு ஆள் கிடையாது. உன்னை மாதிரி நம்பிக்கையான பொண்ண நான் பாத்ததில்ல."

அவள் வாயிலிருந்து யாரைப் பற்றியும் நான் கேட்ட ஒரே பாராட்டு அது. அதுதான் சமயம். அவள் என் இடத்தில் இருந்திருந்தால் சவுரியைக் காட்டியதுபோல உள்ளே ஓடிப்போய் மூன்று உறைகளையும் எடுத்துவந்து காட்டியிருப்பாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லைக்கா" என்றேன்.

கல்யாணமாகிச் சேலையூருக்கு வந்தபோது அந்த மூன்று கடிதங்களும் என்னோடு வந்தன. சான்றிதழ் ஃபைலுக்குள் வைத்திருக்கிறேன். என் கணவரிடம் போன வருடம் சொன்னேன். பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடு என்றார். கணக்கு அதிகாரியான அவருக்கு எல்லாமே மூன்று வருடத்தில் காலாவதி.

போன மாதம் பம்மல் பஸ் நிறுத்தத்தில் டிரம்ஸ் அண்ணாவைப் பார்த்தேன். இப்போது சொந்தமாகவே லேத் பட்டறை வைத்திருக்கிறார். டிரம்ஸ் வாங்கவில்லை, அந்த இடத்தில் இன்னொரு மெஷின் போட்டுவிட்டாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்த எடிட்டரை மட்டும் அவர் இன்னும் மன்னிக்கவில்லை. பிறகு அக்காவைப் பற்றிச் சொன்னார். ஓசூரில்தான் இருக்கிறாளாம், கல்யாணமாகிவிட்டதாம், பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறாளாம். "ஒவ்வொரு வாட்டியும் உன்னத்தான் கேக்குது. அந்தப் பொண்ணு மாதிரி நம்பிக்கையான ஆளு கெடையாதுன்னு இன்னும் சொல்லிகினு கீது" என்று சொல்லி, பஸ் டிக்கெட்டின் பின்னால் விலாசம் எழுதிக் கொடுத்தார்.

அந்த டிக்கெட்டும் இப்போது ஃபைலில்தான் இருக்கிறது. மூன்று உறைகளையும் ஒரு பெரிய உறையில் போட்டு, நடந்ததை எழுதி அனுப்பிவிட வேண்டும் என்று காலையில் தோன்றுகிறது. அனுப்பினால் அவள் வாழ்நாளில் நிச்சயமாகச் சொன்ன ஒரே பாராட்டும் தப்பு என்று ஆகிவிடும், அது அவளுக்கு எவ்வளவு பெரிய அடி என்று மத்தியானம் தோன்றுகிறது. அடி எனக்கா அவளுக்கா என்று சாயங்காலம் சந்தேகம் வருகிறது.

என் மகள் விஷயம் முடிந்துவிட்டது. நான் பதில் சொல்லாததால் அவளே மிஸ்ஸிடம் உப்புமாவைப் பற்றிச் சொல்லிவிட்டாள். உண்மை பேசியதற்காக மிஸ் இன்னொரு நட்சத்திரம் ஒட்டினார். அன்று மாலை இரண்டு கைகளையும் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தாள். "அம்மா, அந்தப் பொண்ணு சொல்லிடுவேன்னு சொன்னா. அதான் நானே சொல்லிட்டேன். இதை மிஸ்கிட்ட சொல்லணுமா?"

இப்போது என் வீட்டில் இரண்டு பேருக்கு ஆலோசனை தேவைப்படுகிறது. வாசகர்களில் பெரியவர்கள், குழந்தை வளர்த்தவர்கள், இப்படி ஏதாவது ஒன்றை எட்டு வருடம் மறைத்து வைத்தவர்கள் யாராக இருந்தாலும், நான் என்ன செய்ய வேண்டும் என்று இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு எழுதுங்கள். திட்டினாலும் சரி, வரும் கடிதங்களையெல்லாம் படிப்பேன். ஒரே ஒரு வேண்டுகோள். எழுதிய கடிதத்தை நீங்களே போய்ப் பெட்டியில் போடுங்கள். நம்பிக்கையான ஆள் என்று யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள்.